ஆமைக்கு நாடி பார்ப்பது

மாட்டின் இருதயம் கெட்டால் பட்டியில் நிற்கிற சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அலைதாடி வீங்கித் தொங்கும். கழுத்து நாளம் பெருவிரல் தடிப்பில் புடைத்து நிற்கும். முன்னங்கால்களை அகட்டி, முதுகை வளைத்து, பள்ளத்தில் இறங்க மறுக்கும். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தால் உள்ளே தண்ணீர் குலுங்குகிற சத்தம் கேட்கும்.

பேராதனையில் மிருக வைத்தியப் படிப்பை முடித்து யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வேலைக்கு வந்த 1980களில் எனக்குப் பழக்கமான இருதய நோய் அதுதான். கம்பி தின்ற மாடு என்போம். வேலி கட்டிய கம்பித் துண்டோ ஆணியோ வைக்கோலோடு சேர்ந்து உள்ளே போய் இரண்டாம் இரைப்பையில் தங்கிவிடும். அங்கிருந்து இருதயம் வெகு கிட்ட. மாடு கன்று போட முக்கும்போது அந்தக் கம்பி உதரவிதானத்தைத் துளைத்து இருதயப் பைக்குள் ஏறிவிடும். சண்டை தொடங்கிய பிறகு வளவுகளில் இரும்புத் துண்டுகள் கூடின. நான் பார்த்த கம்பி தின்ற மாடுகளும் கூடின.

ஊர்வனவற்றுக்கு இப்படி வெளியே காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. அவற்றுக்கு உதரவிதானம் கிடையாது, ஆகவே இருமவும் முடியாது. இருதயம் பெலவீனப்பட்ட நாய் இரவிரவாக இருமும், பூனை வாயால் மூச்சு வாங்கும். ஆமை சாப்பிடாமல் ஒரு மூலையில் கிடக்கும். சுகமான ஆமையும் சில நாட்களில் சாப்பிடாமல் மூலையில் கிடக்கும் என்பதுதான் இதில் உள்ள கரைச்சல்.

ரொறன்ரோவில் நீண்ட காலம் அந்த மூலைகளில் கிடந்த பிராணிகளைத்தான் பார்த்தேன். இப்போது வேலையை விட்டு இணுவிலுக்குத் திரும்பிவிட்டேன். ஆனாலும் ஸ்காபரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் எங்கள் பிள்ளைகள் வட்சப்பில் படம் அனுப்பிக் கேட்கிறார்கள்: “அங்கிள், என்ர ட்ராகன் ரெண்டு நாளா எழும்பேல்ல, ஏன்?” அவர்களின் பெற்றோர் இதைப் படிக்கக்கூடும் என்று எழுதுகிறேன்.

ஊரில் வேலை செய்த காலத்தில் ஊர்வன என்று என்னிடம் வந்தவை மிகக் கொஞ்சம். வெங்காயத் தோட்டத்து வலையில் சிக்கிய சாரை. நாகதம்பிரான் கோயிலடியில் வண்டில் சில்லுப்பட்ட நாகம்; அதைக் கொண்டுவர மாட்டார்கள், என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். பிறகு, கிணற்று ஆமை. எங்கள் பக்கத்துப் பழைய கிணறுகள் சிலவற்றில் ஆமை கிடந்தது. யார் விட்டது, எப்போது விட்டது என்று வீட்டுக்காரருக்கே தெரியாது.

அப்படி ஒரு கிணற்றுக் கறுப்பு ஆமையை ஒருநாள் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நீரிறைக்கும் இயந்திரத்தின் இரும்புக் குழாய் விழுந்து அடிப்பக்க ஓடு வெடித்திருந்தது. உடைந்த துண்டைத் தூக்கினேன். நடுக்கோட்டில், முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், மெல்லிய சவ்வுக்குக் கீழே இருதயம் தெரிந்தது. முதலில் மேலறைகள் சிவந்து நிறையும். ஒரு கணம் பொறுத்துக் கீழறை சுருங்கி வெளிறும். அந்த ஒரு கணத் தாமதம் வெறுங்கண்ணுக்கே தெரிகிற அளவு மெதுவான துடிப்பு. மனிதரிலும் மாட்டிலும் கருவி இல்லாமல் பார்க்க முடியாத ஒன்றைப் பகல் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டு நின்றேன். காயத்தைக் கழுவி, துண்டை வைத்து, அரால்டைற்றால் ஒட்டிக் கட்டினோம். ஆமை தப்பியது.

யாழ்ப்பாணத்துக்கும் ஆமையின் இருதயத்துக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1861இல் வெளியிட்ட இலங்கை இயற்கை வரலாற்று நூலில் யாழ்ப்பாணச் சந்தையில் கடலாமை விற்றதை எழுதியிருக்கிறார். ஆமையை மல்லாத்தி, அடியோட்டைக் கழற்றி, உயிரோடேயே கேட்டவருக்குக் கேட்ட பங்கை வெட்டி நிறுத்துக் கொடுப்பார்களாம். தலையும் இருதயமும் கடைசியாகத்தான் விலைப்படுமாம். அதுவரை மணிக்கணக்காக அது வெயிலில் துடித்துக்கொண்டு கிடக்குமாம். இலங்கைச் சட்டம் 1972இல் கடலாமைகளைக் கொல்வதைத் தடை செய்தது. அதற்கு முன் பிறந்த எங்கள் வயதுக்காரர் சிலர் இதை ஏதோ ஒரு வடிவில் கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

அந்தக் கொடுமை ஒரு உடலியல் உண்மையின் மேல் நடந்தது. ஆமையின் இருதயம் துடிக்க மூளையின் கட்டளை தேவையில்லை. துடிப்பு எங்கே பிறக்கிறது, நரம்பிலா தசையிலா என்று ஐரோப்பிய அறிஞர்கள் அடிபட்டுக்கொண்டிருந்த 1880களில், கேம்பிரிட்ஜில் வால்டர் கஸ்கெல் ஆமையின் இருதயத்தை எடுத்துத்தான் அந்த வழக்கைத் தீர்த்தார். நரம்பை வெட்டினாலும் தசை தானாகத் துடித்தது. துடிப்பு நாளங்கள் வந்து சேரும் இடத்தில் தொடங்கி மேலறைக்கும் பிறகு கீழறைக்கும் இறங்கியது. நடுவில் இறுக்கினால் கீழே போகாமல் தடைப்பட்டது. இன்று மனித இருதய வைத்தியர்கள் ‘ஹார்ட் பிளொக்’ என்று சொல்வதன் வேர் அந்த ஆமையில்தான் இருக்கிறது.

1995 ஒக்டோபர் 30. சண்டை நெருங்கி வந்ததில் வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள் என்று ஒவ்வொரு படலையாகச் சொல்லிக்கொண்டு போனதுதான் ஊரில் நான் கடைசியாகச் செய்த மிருக வைத்தியம். பிறகு வன்னி, கொழும்பு, கனடா.

கனடாவில் வெளிநாட்டுப் பட்டத்துக்கு எல்லாப் பரீட்சையும் முதலிலிருந்து எழுதவேண்டும். படித்துக்கொண்டே ஒரு கிளினிக்கில் உதவியாளனாக நின்றேன். அங்கே நாய் பூனை பார்க்கப் போதிய ஆட்கள் இருந்தார்கள். பாம்பைத் தொட ஆளில்லை. நான் தொட்டேன். பனங்காணியில் வளர்ந்தவனுக்குச் சாரையைக் கழுத்தில் பிடிப்பது பெரிய காரியமில்லை. அப்படித்தான் ஊர்வன எல்லாம் என்னுடைய மேசைக்கு வரத் தொடங்கின. பேராதனையில் எங்களுக்கு இதில் பாடம் இருக்கவில்லை. என் வயதொத்த கனடிய வைத்தியர்களும் பெரிதாகப் படித்திருக்கவில்லை. ஃபிரெட்ரிக் ஃபிரையின் புத்தகம் ஒன்று கிளினிக்கில் இருந்தது. டக்ளஸ் மேடர் தொகுத்த தடித்த புத்தகம் 1996இல் வந்தது. அதை வாங்கி இரவில் வைத்துப் படித்தேன். அந்த நூலின் அடுத்தடுத்த பதிப்புகளில் இருதயம் பற்றிய பக்கங்கள் பெருத்து வந்ததைப் பார்த்தாலே இந்தத் துறை எப்படி வளர்ந்தது என்று விளங்கும்.

முதல் பிரச்சினை இருதயத்தைக் கண்டுபிடிப்பதே. பச்சை இகுவானாவுக்கும் தாடி ஓணானுக்கும், அதாவது பிள்ளைகள் பியர்டட் ட்ராகன் என்பதற்கு, அது தோள் எலும்புகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். உடும்புக்கு நன்றாகப் பின்னால், நடு உடம்புப் பக்கம். பாம்புக்குப் பொதுவாக மூக்கிலிருந்து வாலுக்குப் போகும் நீளத்தில் நாலிலொரு பங்கு, மூன்றிலொரு பங்கு தூரத்துக்குள். அதிலும் இனத்துக்கு இனம் வித்தியாசம். ரொஜர் சீமூரும் ஹார்வி லில்லிவைட்டும் 1970களில் பாம்புகளின் இரத்த அழுத்தத்தை அளந்து இதை விளக்கினார்கள். மரமேறும் பாம்பு தலையை நிமிர்த்தினால் இரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து மேலேறவேண்டும். அதனால் அதன் இருதயம் தலைக்குக் கிட்ட இருக்கிறது. கடற்பாம்புக்குத் தண்ணீரே தாங்கல் என்பதால் இருதயம் நடு உடம்பை நோக்கிப் பின்னால் போய்விட்டது. இதைப் படித்தபோது எங்கள் வேலிப் பச்சைப்பாம்பையும் கரைவலையில் ஏறும் கடற்பாம்பையும் நினைத்துக்கொண்டேன். இரண்டையும் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு கேள்வி அவற்றுக்குள் இருப்பது தெரியாமல்.

இரண்டாவது பிரச்சினை, கேட்பது. செதிலில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் கரகரவென்ற உராய்வுதான் காதில் விழும். ஈரத்துணியை இடையில் வைத்தால் கொஞ்சம் குறையும். ஆமைக்கு அதுவும் உதவாது. டொப்ளர் கருவி வந்த பிறகுதான் இந்த வேலையே தொடங்கியது என்று சொல்லவேண்டும். பேனை அளவு முனையில் பசை தடவி, ஆமையின் கழுத்துக்கும் முன்னங்காலுக்கும் இடையிலுள்ள குழியில் வைத்து இருதயத்தை நோக்கிச் சாய்த்தால், இரத்தம் பாய்கிற சத்தம் ஒலிபெருக்கியில் வரும். நான் பிறந்த ஊர் தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த ஊர். விடிய விடியக் கோயில் வீதியில் இருந்து தாளம் போட்டுப் பழகியவர்களுக்கு இடையில் ஒரு துடிப்பு விடுபட்டால் எண்ணாமலே தெரிந்துவிடும். கிளினிக்கில் அது எனக்குப் பல தடவை உதவியது.

மூன்றாவது பிரச்சினைதான் பெரியது: கேட்டதை என்ன கணக்கில் எடுப்பது? மனிதருக்கு எழுபது, எண்பது என்று சொல்லிவிடலாம். ஊர்வனவற்றின் இருதயம் சூட்டைப் பொறுத்து ஓடுகிறது. தனக்கு வேண்டிய வெப்பத்தில் இருக்கும் ஒரு கிலோ நிறையுள்ள பிராணிக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 33 தரம் என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. நிறை பதினாறு மடங்கு கூடினால் துடிப்பு பாதியாகும். இந்தக் கணக்கு எல்லாம் பிராணி சூடாக இருந்தால் மட்டுமே.

மாசி மாதக் குளிரில் ஒரு தகப்பன் மகளின் தாடி ஓணானைச் சப்பாத்துப் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். வேறொரு இடத்தில் காட்டியிருக்கிறார்கள். இருதயம் மிக மெதுவாக அடிக்கிறது, கனநாள் இராது என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். பிள்ளை அழுது முகம் வீங்கிப்போய் நின்றது. நான் பெட்டியைத் திறந்து முதலில் தெர்மோமீற்றரைத்தான் வைத்தேன். வெளியில் பனி, காரில் அரைமணி நேரம். ஓணானின் உடம்பு குளிர்ந்துபோய் இருந்தது. பாலைவனத்துப் பிராணி அது. விளக்கின் கீழே 40 பாகை வரை சூட்டைத் தேடிப்போய்க் காயும். சூடாக்கும் பெட்டியில் வைத்துவிட்டு, “ஒரு மணித்தியாலம் பொறுங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ” என்றேன். அவர்கள் திரும்பி வந்தபோது டொப்ளர் அதன் அளவுக்குச் சரியான வேகத்தில் அடித்தது. இருதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. வீட்டில் விளக்கு எரிந்துபோயிருந்தது, மாற்றவில்லை. விளக்கை மாற்றினார்கள். நான் கடைசியாகக் கேட்டபோது அந்த ஓணான் கிழடாகி இருந்தது.

என் மேசைக்கு இருதய நோய் என்று வந்தவற்றில் நிறைய இப்படித்தான் கூட்டில் முடிந்தன. உண்மையாகவே இருதயம் கெட்டவற்றிலும் தொடக்கம் பெரும்பாலும் கூட்டில்தான் இருந்தது.

பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு தம்பி. தாய் தகப்பன் சுன்னாகத்து ஆட்கள். போல் பைதன் என்கிற சின்ன மலைப்பாம்பு ஒன்றை வளர்த்தான். தாய் காருக்குள்ளேயே இருந்துவிட்டா, உள்ளே வரவில்லை. பாம்பின் முன்பாதியில் ஒரு வீக்கம்.

“எலி இறங்காமல் நிக்குது அங்கிள்.”

“எப்ப குடுத்தனீர்?”

“மூண்டு கிழமைக்கு முந்தி.”

மூன்று கிழமைக்கு முந்திய எலி அந்த இடத்தில் நிற்காது. டொப்ளரை வீக்கத்தின் மேல் வைத்தேன். இருதயமே அதுதான். பாம்பின் இருதயம் ஓரிடத்தில் இறுக்கிக் கட்டப்பட்டதல்ல. இரை இறங்கும்போது விலகி வழிவிடும். மல்லாத்திப் பிடித்தால் சுகமான பாம்பிலும் அந்த இடத்து வயிற்றுச் செதில் மெல்ல எழும்பி விழுவதைப் பார்க்கலாம். இதில் வெளியே புடைத்துத் தெரிகிற அளவுக்கு வீங்கியிருந்தது. ஸ்கானில் மேலறை விரிந்து, வால்வு மூடாமல் ஒழுகி, பைக்குள் நீர் தேங்கியிருந்தது.

எப்போது சாப்பிட்டது என்று நான் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பர்மிய மலைப்பாம்பு பெரிய இரையை விழுங்கி இரண்டு நாளுக்குள் அதன் இருதயக் கீழறை 40 சதவீதம் பெருப்பதாக 2005இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. 2011இல் கொலராடோவில் லெஸ்லி லைன்வாண்டின் குழு, இரத்தத்தில் ஏறும் கொழுப்பமிலங்கள் அதற்குத் தூண்டுதல் என்று காட்டியது. வேறு சில ஆய்வுகளில் அந்தளவு வளர்ச்சி காணப்படவில்லை. எப்படியோ, இரை எடுத்த கையோடு பாம்பின் இருதயத்தைப் படம் பிடித்து நோய் என்று தீர்ப்புச் சொல்லக்கூடாது. இந்தப் பாம்பு மூன்று கிழமை பட்டினி. ஆகவே வீக்கம் நோய்தான்.

நீரை ஊசியால் எடுத்தோம், நீரிறக்கும் ஃபுரோசமைட் கொடுத்தோம், நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தோம். சில மாதங்கள் இருந்தது. செத்த பிறகு திறந்து பார்க்கத் தம்பி சம்மதித்தான். வால்வில் கிருமி கட்டியிருந்தது. ஒரு வருசத்துக்கு முந்தி அந்தப் பாம்புக்கு வாயில் புண் வந்து தானாக ஆறியதாக அவன் சொன்னான். வாய்ப்புண்ணின் கிருமி இரத்தத்தில் இறங்கி வால்வில் குடியிருந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொண்டேன். வாய்ப்புண் ஏன் வந்தது? அடிச்சூடு காணாது, கூடு எந்நேரமும் ஈரம். குளிர்ந்த பாம்புக்கு நோயெதிர்ப்பும் குளிர்ந்துவிடும். அந்தத் தம்பி பிறகு வேறொரு பாம்பு வாங்கினான். வாங்கமுதல் கூட்டைச் செய்து, ஒரு கிழமை சூடு அளந்து எழுதி, அந்தத் தாளை எனக்குக் கொண்டுவந்து காட்டினான். அதை இன்றும் சந்தோசமாக நினைக்கிறேன்.

தாடி ஓணான்களில் அடிக்கடி சொல்லப்படாத ஒரு நோய் இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஒரு தாதிப் பிள்ளை தன் ஓணானைக் கொண்டுவந்தா. தலைக்குப் பின்னால், கழுத்தின் ஒரு பக்கம் மெத்தென்ற வீக்கம். இன்னோர் இடத்தில் சீழ்க்கட்டி என்று சொல்லிக் கீறுவதற்கு நாள் வைத்திருந்தார்கள். ஊர்வனவற்றின் சீழ் தண்ணியாக இராது. எங்களுடைய சீழைக் கரைக்கிற சில நொதியங்கள் அவற்றின் வெள்ளணுக்களில் இல்லை, அதனால் சீழ் இறுகிக் கட்டியாகும். மெத்தென்று அமுங்கினால் அது சீழ் இல்லை என்று சந்தேகப்படவேண்டும். டொப்ளரை வைத்தேன். அறை முழுக்க இரத்தம் பாயும் இரைச்சல். தலைக்குப் போகும் நாடியின் சுவர் பலூன்போல விரிந்திருந்தது. கீறியிருந்தால் மேசையிலேயே முடிந்திருக்கும். அதற்குச் சத்திரசிகிச்சை மிக அரிதாகச் செய்து பார்த்திருக்கிறார்கள். நாங்கள் செய்யவில்லை. கூட்டில் பாயக்கூடிய உயரங்களை எடுத்துவிட்டு, அமைதியாக வைத்திருக்கச் சொன்னேன். வீக்கம் எதுவானாலும் கத்திக்கு முன்னால் டொப்ளர் என்பது அதன்பிறகு எங்கள் கிளினிக்கில் எழுதாத சட்டம்.

அன்பினால் வந்த இருதய நோய்களும் உண்டு. கல்சியம் குறைந்தால் எலும்பு வளையும், கை கால் நடுங்கும், இருதயத் தசையும் பெலன் கெடும். அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது, கடைக்காரரும் சொல்வார்கள். அதனால் பயந்துபோய்ச் சில பெற்றோர் விற்றமின் டி மாவை உணவில் அள்ளிப் போடுவார்கள். “நல்லதுதானே டொக்டர், பிள்ளைக்குக் குடுக்கிறமாதிரித்தானே குடுத்தனாங்கள்” என்று ஒரு அம்மா சொன்னா. அவவின் இகுவானாவை எக்ஸ்ரே எடுத்தபோது, படத்தில் தெரியக்கூடாத பெருநாடி வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. நாடிச் சுவரில் கல்சியம் படிந்திருந்தது. ஒருமுறை படிந்தால் அதைக் கழற்ற மருந்தில்லை. இன்னொரு வீட்டில், இலை குழை தின்னவேண்டிய தரை ஆமைக்குப் பூனைச் சாப்பாடு. புரதம் கூடி, தண்ணீர் குறைந்து, யூரிக் அமிலம் இரத்தத்தில் ஏறியது. செத்தபின் திறந்தபோது இருதயப் பை முழுவதும் சுண்ணாம்பு பூசின சுவரைப்போல் இருந்தது. அந்த ஆமை கடைசிவரை சாப்பிட்டது என்றார்கள்.

மருந்து விசயத்தில் உண்மையைச் சொல்லவேண்டும். ஊர்வனவற்றின் இருதயத்துக்கென்று சோதித்து வந்த மருந்து என் காலத்தில் இருக்கவில்லை. நாய்க்குரிய பிமோபென்டன், எனாலப்ரில் எல்லாவற்றையும் அளவு குறைத்து, நாள் இடைவெளி கூட்டி, கவனமாகக் கொடுத்தோம். ஃபுரோசமைட் வேலை செய்கிற வளைகுழாய் ஊர்வனவற்றின் சிறுநீரகத்தில் கிடையாது. அப்படியிருந்தும் கொடுத்தால் நீர் இறங்குகிறது. எங்கே வேலை செய்கிறது என்பதில் விவாதம் இருக்கிறது, இறங்குவதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். ஊசியை முன்பாதியில்தான் போடுவோம். பின்னங்காலில் போட்டால் இரத்தம் முதலில் சிறுநீரகத்தின் ஊடாகப் போகக்கூடிய பாதை அவற்றுக்கு உண்டு. ஆமையை மயக்குவது இன்னும் சிக்கல். கீழறை ஒன்றே என்பதால், மூச்சை அடக்கியதும் அது இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பாமல் உடம்புக்கே திருப்பிவிடும். தண்ணீருக்குள் நெடுநேரம் இருக்க உதவுகிற வசதி அது. மயக்க வாயு கொடுக்க நிற்கிற வைத்தியருக்கு அது பெரும் தலையிடி.

பிராணி செத்துவிட்டதா என்று சொல்வதுதான் இந்தத் தொழிலில் எனக்கு எப்போதும் பாரமாக இருந்தது. மார்க்கம் நகரில் ஒரு வீட்டார் பேரனின் ஆமையைக் கொண்டுவந்தார்கள். காதடியில் சிவப்புக் கோடுள்ள தண்ணீர் ஆமை. அசைவில்லை, கண்ணைத் தொட்டால் மூடவில்லை. ஆனால் டொப்ளரில் இருதயம் கேட்டது. கூட வந்த ஆச்சி எங்கள் பக்கத்து ஆள்.

“தம்பி, உயிர் போட்டுதோ, இருக்கோ?”

“மூளை போட்டுது ஆச்சி. இருதயம் இன்னும் நிக்கேல்ல. நாளைக்கு வாங்கோ, அதுக்குப் பிறகு தாட்டுவம்.”

ஆச்சி கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, சின்ன வயதில் கடற்கரையில் கடலாமை இறைச்சி வெட்டியதைப் பார்த்ததைச் சொன்னா. துண்டு துண்டாக்கின பிறகும் அது துடித்ததாம். அதற்குப் பிறகு அவ அதை வாயில் வைத்ததில்லையாம். அன்றிரவு ஆமையை அங்கேயே வைத்திருந்து, மணிக்கொருதரம் கேட்டு, சத்தம் அடங்கி நெடுநேரம் போனபிறகே உடலைக் கொடுத்தேன். வேதனை தாங்காத ஊர்வனவற்றைக் கருணையோடு முடிப்பதிலும் இதே விதிதான். ஊசி போட்டால் மட்டும் காணாது, மூளை முற்றாகச் செயலிழந்ததை வைத்தியர் உறுதிசெய்யவேண்டும். இதைச் செய்யாத இடத்தில் உங்கள் பிராணியைக் கொடுக்காதீர்கள். கேட்க வெட்கப்படவும் வேண்டாம்.

இணுவிலுக்குத் திரும்பிய பிறகு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை. கொழும்பில் வாங்கின, அதே சிவப்புக் கோடுள்ள சின்னத் தண்ணீர் ஆமையை இங்கே பிள்ளைகள் கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்கிறார்கள். காயக் கல் இல்லை, வெயில் படாது, தினமும் காய்ந்த இறால் மட்டும். கண் இமை வீங்கிக் கொண்டுவருகிறார்கள். எங்கள் நாட்டில் வெயிலுக்குப் பஞ்சமா? காலையில் ஒரு மணித்தியாலம், பாதி நிழல் பாதி வெயிலாக, முற்றத்தில் வைத்தால் ரொறன்ரோவில் நூற்றுக்கணக்கான டொலருக்கு வாங்கிய விளக்கு செய்த வேலையை எங்கள் சூரியன் சும்மா செய்யும். அலுத்துப்போனால் கோயில் கேணியில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். உலகத்தின் மிக மோசமான ஆக்கிரமிப்பு இனங்கள் நூறு என்ற பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. கேணியிலுள்ள எங்கள் ஆமைகளின் இடத்தை அது பிடித்துவிடும்.

இன்னொன்றைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். நட்சத்திர ஆமையை அதிட்டம் என்று வீட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். காட்டிலிருந்து பிடித்து வைத்திருப்பது குற்றம். 2019இல் உலக நாடுகள் சேர்ந்து அதன் வர்த்தகத்தை அதி உயர்ந்த தடைப் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. சோறும் பாணும் கொடுத்து வளர்த்த அந்த ஆமைகளின் ஓடு கூம்புக் கூம்பாக வளர்ந்திருக்கும். உள்ளே சிறுநீரகமும் இருதயப் பையும் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்து ஒப்படையுங்கள்.

வெளிநாட்டில் சட்டப்படி ஊர்வன வளர்க்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு: அந்தப் பிராணியின் இருதயத்தை உங்களால் கேட்க முடியாது, ஆனால் நிறுக்க முடியும். சமையலறையில் மாப் போட்டு நிறுக்கும் மின் தராசும் ஒரு கொப்பியும் போதும். கிழமைக்கு ஒருமுறை, ஒரே நாளில், சாப்பாட்டுக்கு முன் நிறுத்துக் கிராமில் எழுதச் சொல்லுங்கள். பக்கத்திலேயே கூட்டின் சூடான பக்கத்து வெப்பத்தையும் குளிர்ந்த பக்கத்து வெப்பத்தையும் எழுதட்டும். பத்திலொரு பங்கு நிறை குறைந்தாலோ, சாப்பாடு கூடாமல் நிறை திடீரென்று ஏறினாலோ, அன்றைக்கே ஊர்வன பார்க்கத் தெரிந்த வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஏறுவதும் கெட்ட குறிதான், அது உள்ளே தேங்கிய நீராக இருக்கலாம். குளிர்காலமென்றால் பெட்டிக்குள் துணி சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல் ஒன்றை வைத்துக்கொண்டு, அந்தக் கொப்பியையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.